“பதினைந்து நிமிடமா?”: விமானி அறை கூட்டுத் தலைமையைக் கற்றுக்கொண்ட விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1978 டிசம்பர் 28 அன்று மாலை, நியூயார்க்கிலிருந்து டென்வர் வழியாக வந்த யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லேண்ட் நகரை நெருங்கியது. அது டிசி-8 வகை விமானம். பயணிகளும் பணியாளர்களுமாக 189 பேர் அதில் இருந்தனர். கேப்டனுக்கு 27,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறத்தல் அனுபவம் உண்டு. 1951 முதல் அதே நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் அருகில் துணை விமானியும், பின்னால் பக்கவாட்டு இருக்கையில் விமானப் பொறியாளரும் அமர்ந்திருந்தனர். மூவருமே தொழில் தெரிந்தவர்கள். எரிபொருள் அளவுகாட்டி மூவர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும், சுமார் ஒரு மணி நேரம் கழித்து அந்த விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது.

தலைமைப் பண்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களின் கதைகளையே எடுத்துக்கொள்கிறார்கள். நான் இந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தம் நடத்தையைத் தாமே திரும்பிப் பார்த்து, அதிகாரத்தைப் பகிர்ந்து நடத்தும் முறையைப் படிப்படியாகப் பழகிக்கொண்டதற்கு, ஒலிப்பதிவும் விசாரணை அறிக்கையுமாக இவ்வளவு தெளிவான சான்று வேறு துறைகளில் கிடைப்பது அரிது.

நடந்தது என்ன

தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது பெரிய சத்தம் கேட்டது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. வலப்புறச் சக்கரத்தைத் தாங்கி மெல்ல இறக்க வேண்டிய பாகம் துருவேறி உடைந்ததால், சக்கரம் தடையின்றி விழுந்திருந்தது. அந்த அதிர்ச்சியில் அதன் விளக்குக்கான சிறு சுவிட்சும் பழுதானது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன என்று காட்ட வேண்டிய பச்சை விளக்குகள் சரிவர எரியாததால், சக்கரம் நிற்குமா, மடங்கிவிடுமா என்ற ஐயம் கேப்டனுக்கு எழுந்தது. விமான நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, 5,000 அடி உயரத்தில் வட்டமிட்டபடி சிக்கலை ஆராயத் தொடங்கினார். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அப்போது மாலை மணி 5:12. கையிருப்பில் இருந்த எரிபொருள் ஏறத்தாழ 13,000 பவுண்டு. அந்த உயரத்தில், அந்த நிலையில் அது ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும்.

கேப்டன் அலட்சியமானவர் அல்லர். பயணிகளைப் பற்றிய அக்கறைதான் அவரைத் தாமதிக்க வைத்தது. சக்கரம் மடங்கினால் பயணிகள் எப்படி வெளியேறுவது, பணிப்பெண்கள் அவர்களைத் தயார்ப்படுத்த எவ்வளவு நேரம் வேண்டும் என்பவையே அவர் மனத்தை முழுதும் நிறைத்திருந்தன. விமானப் பொறியாளரைப் பயணிகள் பகுதிக்கே அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் சொன்னார். நல்ல நோக்கம் ஒன்றில் மூழ்கியிருப்பவருக்குத் தன் கவனம் குறுகிவிட்டது என்று தோன்றவே தோன்றாது. இந்த நிகழ்வைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இதுதான்.

5:50 மணிக்கு நடந்த உரையாடல் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. சற்று முன்புதான் எரிபொருள் 5,000 பவுண்டு என்று பேசிக்கொண்டார்கள். எரிபொருள் பம்புகளின் எச்சரிக்கை விளக்குகள் சிமிட்டத் தொடங்கியிருந்தன. இன்னும் 15 நிமிடம் ஆகும் என்று வைத்து, 3,000 அல்லது 4,000 பவுண்டு மிச்சமிருக்கும் கணக்கில், இறங்கும்போது விமானத்தின் எடை எவ்வளவு இருக்கும் என்று குறித்துத் தருமாறு பொறியாளரிடம் கேப்டன் கேட்டார். “பதினைந்து நிமிடமா?” என்றார் துணை விமானி. ஆமாம் என்றார் கேப்டன். அது போதாது, 15 நிமிடம் என்றால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்றார் பொறியாளர்.

கணக்கு எளிது. நிமிடத்துக்குச் சுமார் 220 பவுண்டு எரிகிறது. 15 நிமிடத்தில் 3,300 பவுண்டு போய்விடும். மிஞ்சுவது 1,700 பவுண்டு. கேப்டன் நினைத்த அளவில் அது பாதி. பொறியாளரின் சொல் தெளிவானதுதான். ஆனால் அந்தக் கணத்தில் யாரும் அதை இரண்டாம் முறை வலியுறுத்தவில்லை, கேப்டனும் அதைப் பிடித்துக்கொண்டு “எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேட்கவில்லை. சொன்னவர் தன் கடமை முடிந்ததாக எண்ணியிருக்கலாம். கேட்டவர் காதில் விழுந்தும் மனத்தில் பதியாமல் போயிருக்கலாம். 6:02 மணியளவில், எரிபொருள் மூவாயிரம்தான் இருக்கிறது, அவ்வளவுதான் என்று பொறியாளர் மறுபடியும் சொன்னார். 6:07 மணியளவில் ஒரு எஞ்சின் நின்றது. ஏன் என்று கேப்டன் கேட்டார். எஞ்சினை இழக்கிறோம் என்றார் துணை விமானி. ஏன் என்று கேப்டன் மீண்டும் கேட்டார். எரிபொருள் என்றார் துணை விமானி.

6:15 மணியளவில், ஓடுபாதைக்குச் சுமார் 6 மைல் தொலைவில், மரங்கள் நிறைந்த புறநகர்ப் பகுதியில் விமானம் விழுந்தது. விமானப் பொறியாளர், ஒரு பணிப்பெண், பயணிகள் எட்டுப் பேர் என 10 பேர் இறந்தனர். தொட்டிகளில் எரிபொருள் இல்லாததால் தீப்பற்றவில்லை. மற்றவர்கள் பிழைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

விசாரணை தொட்ட இடம்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில், எரிபொருள் நிலையைக் கவனிக்கவும், அது பற்றிச் சக பணியாளர்கள் சொன்னதை ஏற்றுச் செயல்படவும் கேப்டன் தவறினார் என்று கூறியது. அத்தோடு நிற்கவில்லை. மற்ற இருவரும் நிலைமையின் கடுமையை முழுதாக உணரவில்லை அல்லது தம் கவலையை உரிய முறையில் கேப்டன் மனத்தில் பதிய வைக்கவில்லை என்பதையும் துணைக் காரணமாக வைத்தது. பரிந்துரையிலும் இந்த இருபக்கப் பார்வை இருந்தது: கேப்டன்களுக்கு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் முறையிலும், மற்றவர்களுக்குத் தம் கருத்தை உறுதியோடு எடுத்துரைக்கும் முறையிலும் பயிற்சி தர வேண்டும் என்று கேட்டது. இடித்துரைக்க ஒருவர் வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை என்பதை ஓர் அரசு அமைப்பு 1979-இலேயே எழுத்தில் வைத்தது பெரிய செய்தி.

இது தனித்த விபத்து அல்ல. 1972-இல் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஒரு விமானம் விழுந்து 101 பேர் இறந்தனர். எரியாமல் போன ஒரு சிறு பல்பைச் சுற்றியே எல்லாருடைய கவனமும் இருந்ததால், விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோது, எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பொறியாளர் எழுப்பிய ஐயத்தை மூத்த கேப்டன் ஒரே சொல்லில் ஒதுக்கியிருந்தார். 1979-இல் நாசா கூட்டிய பயிற்சிப் பட்டறையில் விமான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தனர். விமானம் ஓட்டும் திறமைக் குறைவை விட, தகவல் பரிமாற்றம், முடிவெடுத்தல், தலைமை ஆகியவற்றிலிருந்த குறைகளே பல விபத்துகளில் முன்னால் நின்றன.

கண்ணாடியைக் காட்டிய பயிற்சி

173-ஆம் எண் விமானத்தை இழந்த அதே நிறுவனம் 1981-இல் ஒரு முழுமையான பயிற்சியைத் தொடங்கியது. தொழில் நிறுவன மேலாளர்களுக்காக உளவியலாளர்களான ராபர்ட் பிளேக்கும் ஜேன் மூட்டனும் உருவாக்கியிருந்த ‘மேலாண்மைக் கட்டம்’ என்ற முறையைத் தழுவி அது அமைக்கப்பட்டது. ஓர் அச்சில் வேலை மீதான அக்கறை, இன்னோர் அச்சில் மனிதர் மீதான அக்கறை. ஒவ்வொன்றும் 1 முதல் 9 வரை. தன் போக்கு இந்தக் கட்டத்தில் எங்கே விழுகிறது என்பதை விமானி தானே குறிக்க வேண்டும். பிறகு குழுவாகச் சில சிக்கல்களைத் தீர்க்க வேண்டும். அதில் தான் எப்படி நடந்துகொண்டோம் என்று உடன் இருந்தவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த முறையைப் பயன்படுத்தியவர்கள் கண்ட பொதுவான போக்கு ஒன்று உண்டு. தொடக்கத்தில் தம்மை 9,9 என்ற மிக உயர்ந்த கட்டத்தில் வைத்துக்கொள்பவர்கள் பலர். சக பங்கேற்பாளர்களின் சொல்லைக் கேட்ட பிறகும் அங்கேயே நிற்பவர்கள் சிலர்தான்.

சுய ஆய்வு என்றால் தனிமையில் அமர்ந்து மனத்தைத் துழாவுவது என்றே நாம் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். 173-இன் கேப்டன் அப்படி எவ்வளவு நேரம் யோசித்திருந்தாலும், பயணிகளின் நலனுக்காகவே நேரம் எடுத்துக்கொண்டேன் என்ற உண்மையான விடைதான் அவருக்குக் கிடைத்திருக்கும். நோக்கத்தை உள்ளிருந்து பார்க்கலாம். நடத்தையின் விளைவை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். தான் பேசியபோது மற்றவர் வாய்மூடிய கணத்தைத் தலைவர் பார்க்க வேண்டுமென்றால், அவருக்கு வேறொருவரின் கண் வேண்டும்.

அந்தக் கண்ணாக அமைந்தது வீடியோ. புறப்பாடு முதல் இறங்குதல் வரையிலான முழுப் பயணத்தையும், வழியில் எதிர்பாராமல் எழும் ஒரு கோளாற்றோடு, தரையிலேயே விமானி அறையைப் போல அமைத்த சிமுலேட்டரில் நடத்துவார்கள். பயிற்றுநர் இடையில் நிறுத்த மாட்டார், திருத்த மாட்டார். குழு தவறு செய்தால், தவறு முற்றும் வரை போக விடுவார். பிறகு எல்லாரும் ஒரு சிறிய அறைக்குப் போய், பதிவான காட்சியைப் போட்டுப் பார்ப்பார்கள். மதிப்பெண் கிடையாது. பேச்சு முடிந்ததும் அந்தப் பதிவு அழிக்கப்படும். மேலதிகாரியின் மேசைக்குப் போகாது. இந்தக் கடைசி ஏற்பாடு இல்லையென்றால் முழு முயற்சியும் வீணாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். வேலைக்கு ஆபத்து வரும் என்று அஞ்சுபவர் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, தற்காப்பைத்தான் தேடுகிறார்.

திரையில் தன்னைப் பார்க்கும் கேப்டனுக்கு என்ன தெரியும்? துணை விமானி பேச வாய் எடுத்ததும் தன் கை வானொலிப் பொத்தானுக்குப் போனது தெரியும். “எல்லாருக்கும் சரிதானே?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அடுத்த வேலைக்குத் திரும்பியது தெரியும். அந்தக் கணத்தில் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி மாறுகிறது. “என் முடிவு சரியா?” என்று கேட்டுப் பழகியவர், “இவர் என்னிடம் இதைச் சொல்வதை நான் எவ்வளவு கடினமாக்கினேன்?” என்று கேட்கத் தொடங்குகிறார். இரண்டாம் கேள்விக்கு நேர்மையான விடை தேடுபவரிடம்தான் கூட்டுத் தலைமை முளைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பயிற்சியின் கூறுகளாக வினவுதல், தன் கருத்தை எடுத்துரைத்தல், முரண்பாட்டைத் தீர்த்தல், முடிவெடுத்தல், நடந்ததை விமர்சித்தல் என ஐந்தை வைத்தார்கள். முடிவெடுக்கும் பொறுப்பு கேப்டனிடமே இருந்தது. அதைக் குழு வாக்கெடுப்புக்கு விடவில்லை. கூட்டுத் தலைமை என்றாலே தலைவரின் அதிகாரம் கரைந்துவிடும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவதான விமர்சனம் பணி முடிந்த பின் செய்வது மட்டுமல்ல. பணிக்கு முன்னும் பணியின் நடுவிலும் செய்ய வேண்டியது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. நடத்தை வகுப்பு என்றும், உளவியல் பிதற்றல் என்றும் விமானிகள் பலர் ஒதுக்கினார்கள். தம் ஆளுமையையே மாற்றப் பார்க்கிறார்கள் என்ற குறை பரவலாக எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. தொடக்ககாலப் பயிற்சி தனிமனிதரின் பாணியைப் பற்றி அதிகமாகவும், விமானி அறையின் அன்றாட வேலையைப் பற்றிக் குறைவாகவும் பேசியது. பின்னாளில் அந்தக் குறை களையப்பட்டது. இத்தகைய பயிற்சிக்கு வழங்கிய ‘விமானி அறை வள மேலாண்மை’ என்ற பெயரிலிருந்த விமானி அறை என்ற சொல் போய்க் குழு என்ற சொல் வந்தது. பணிப்பெண்களும் மற்றவர்களும் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள்.

பத்தரை ஆண்டுக்குப் பின்

1989 ஜூலை 19. அதே நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம், டிசி-10 வகை, டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்துகொண்டிருந்தது. மாலை 3:16 மணிக்கு, 37,000 அடி உயரத்தில், வால் பகுதி எஞ்சினின் விசிறித் தகடு வெடித்துச் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் எல்லாக் கட்டுப்பாடும் போயிற்று. இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று கருதப்பட்டதால் அதற்கான செயல்முறைக் குறிப்பு எதிலும் இல்லை. தரையிலிருந்த பராமரிப்பு நிபுணர்களிடமும் விடை இல்லை.

கேப்டன் ஆல்ஃபிரட் ஹேய்ன்ஸ், 173-இன் கேப்டனைப் போலவே பழுத்த அனுபவசாலி. அவருக்குச் சுமார் 30,000 மணி நேரப் பறத்தல் அனுபவம். பயணிகளிடையே டெனிஸ் ஃபிட்ச் என்ற டிசி-10 பயிற்றுநர் ஒருவர் இருந்தார். உதவி வேண்டுமா என்று பணிப்பெண் மூலம் கேட்டனுப்பினார். ஹேய்ன்ஸ் அவரை உள்ளே அழைத்தார். முதலில், இறக்கைகளின் கட்டுப்பாட்டுப் பரப்புகள் அசைகின்றனவா என்று பயணிகள் பகுதியிலிருந்து பார்த்துவரச் சொன்னார். அசையவில்லை என்ற செய்தியோடு ஃபிட்ச் திரும்பியதும், மிஞ்சியிருந்த இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில் நெம்புகோல்களை அவர் கையில் ஒப்படைத்தார். ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்து மட்டுமே விமானத்தைத் திருப்ப முடிந்தது. உயிர்நாடியான அந்த ஒரே கருவியை, சில நிமிடங்களுக்கு முன் அறிமுகமான ஒருவரிடம் கொடுக்க ஒரு கேப்டனுக்கு எவ்வளவு மனத்தெளிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒலிப்பதிவில் நான் மிகவும் மதிக்கும் இடம், இறங்குவதற்குச் சற்று முன்பு வருகிறது. ஃபிட்ச் இருக்கையின்றி இருக்கைகளுக்கு நடுவே நின்றும் மண்டியிட்டும் நெம்புகோல்களை இயக்கிக்கொண்டிருந்தார். விமானப் பொறியாளர் தன் இருக்கையை அவருக்குத் தர முன்வருகிறார். உங்களுக்கு ஆட்சேபமில்லையே என்று ஃபிட்ச் கேட்கிறார். இல்லை, உங்களுக்கு இந்த வேலை தெரியும் என்று தோன்றுகிறது என்று சொல்லி எழுந்துகொள்கிறார் பொறியாளர். யாருடைய இடம் எது என்ற கணக்கு அந்த அறையில் இல்லை; அடுத்த நிமிடத்துக்கு யார் எங்கே இருந்தால் நல்லது என்ற கணக்கு மட்டும் இருந்தது. பத்தரை ஆண்டுக்கு முன் இன்னொரு விமானப் பொறியாளர் எரிபொருள் போதாது என்று சொல்லிவிட்டு அமைதியானதை இதன் அருகில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

44 நிமிடப் போராட்டத்துக்குப் பின், 4 மணிக்கு, அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தில், இயல்பான வேகத்தை விட மிக அதிகமாக மோதி விமானம் உடைந்து எரிந்தது. 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். பிறகு சிமுலேட்டரில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்தபோது, பத்திரமாக இறக்கப் பயிற்சி தருவது நடைமுறையில் இயலாது என்று விசாரணையாளர்கள் முடிவு செய்தனர். குழுவின் செயல்பாடு நியாயமான எதிர்பார்ப்புகளை மிஞ்சியது என்று பாராட்டிய அறிக்கை, பத்தாண்டுகளாக அந்நிறுவனம் தந்துவந்த பயிற்சியின் மதிப்பையும் குறிப்பிட்டது.

பயிற்சி ஒன்றே காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகை. பகல் வெளிச்சமும் தெளிந்த வானமும் உதவின. மருத்துவமனைகளில் பணி மாறும் நேரம் என்பதால் இரட்டிப்பு ஆட்கள் இருந்தார்கள். தேசியக் காவல் படையினர் அன்று அந்த நிலையத்திலேயே பணியிலிருந்தார்கள். ஹேய்ன்ஸ் தம் உரைகளில் அதிர்ஷ்டத்தைத்தான் முதலில் சொல்வார். ஆனால் 1980 வரை கேப்டன் சொன்னதே முடிவு என்று வேலை செய்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம், கேப்டன் நாம் நினைத்த அளவு அறிவாளியாக எப்போதும் இருப்பதில்லை என்ற பொருளிலும் அவர் வெளிப்படையாகப் பேசினார். விமானி அறையிலிருந்த நால்வருக்கும் சேர்த்து 103 ஆண்டு அனுபவம் இருந்தும், அப்படிப்பட்ட நிலையில் ஒரு நிமிடப் பயிற்சிகூட யாருக்கும் இல்லை. பிறகு தனக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று தான் எப்படி நினைத்திருக்க முடியும் என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்று வானத்தில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் கேட்கும் பழக்கம் தரையில், பயிற்சி அறைகளில், ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது.

இன்னும் தீராதது

இந்தப் பயிற்சி எல்லாரையும் மாற்றிவிடவில்லை. வகுப்புக்குப் பின் மனப்பான்மை எதிர்த்திசையில் போன சிறு பிரிவினரும் இருந்ததை ராபர்ட் ஹெல்ம்ரிக் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தன்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் சிலர் இன்னும் இறுகிப்போகிறார்கள்; அவர்களை வற்புறுத்துவதில் பயன் குறைவு.

இன்னொரு சிக்கல் பயிற்றுநர்களிடமே இருந்தது. 1990-களில் நாசா ஆய்வாளர்கள் சிமுலேட்டருக்குப் பிந்தைய உரையாடல்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, விமானிகள் தம்மைத் தாமே அலச வேண்டிய அந்த நேரத்தில் பயிற்றுநர்களே அதிகம் பேசியது தெரிந்தது. அவர்கள் கேள்வி கேட்டார்கள். விடை வரத் தாமதமானால் தாங்களே சொல்லிவிட்டார்கள். அதிகாரத்தைப் பகிரச் சொல்லித்தரும் அறையிலேயே அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருந்தது. அதனால் பயிற்றுநர்களுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டியில், கேள்வி கேட்ட பின் சில நொடிகள் ஒன்றும் பேசாமல் காத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை இடம்பெற்றது. காத்திருப்பவருக்கு அந்தச் சில நொடிகள் மிக நீளமாகத் தோன்றும். பதில் சொல்ல வேண்டிய துணை விமானிக்கோ, சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவ்வளவாவது வேண்டும்.